ஒல்லி ஸ்டெப்னி மாட்டினால் ஸ்பீடு இன்னும் கூடக் காட்டுகிறது

புது கார், பெட்ரோல் ஆட்டோமேட்டிக். வாங்கியதிலிருந்தே டேஷ்போர்டில் 100 என்றால் போன் ஜிபிஎஸ்ஸில் 95தான். அது போகட்டும், ஐ.நா. விதி 39-ன்படி மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டலாம், குறைத்துத்தான் காட்டக் கூடாது. இடது முன்சக்கரம் பஞ்சராகி ஒல்லி ஸ்டெப்னி மாட்டியதும் வித்தியாசம் அதிகமாகிவிட்டது: டேஷ்போர்டில் 80, ஜிபிஎஸ்ஸில் 73.

ஸ்டெப்னியில் காற்றழுத்தம் 38 பிஎஸ்ஐதான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதோ 60. டயர் ஆறியபின் 60 ஏற்றினேன், மற்ற மூன்றிலும் கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி 33. வேறு ஜிபிஎஸ் ஆப், நேரான சமதளச் சாலை, க்ரூஸ் கண்ட்ரோல் (வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் வசதி) எல்லாம் பார்த்தாச்சு. வித்தியாசம் லேசாகக் குறைந்ததே தவிரப் போகவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அப்படித்தான் சார் காட்டும்."

ஸ்டெப்னி மேல் 80 கி.மீ. வரம்பு என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதற்கு எதைப் பார்த்து ஓட்டுவது: டேஷ்போர்டையா, ஜிபிஎஸ்ஸையா?