முகூர்த்தம் முதல் பந்தி வரை நிற்குமா?

குழு: யாழினி திருமண வேலைகள்
ஞாயிற்றுக்கிழமை

மல்லிகா சித்தி, காலை 6:50
அனைவருக்கும் காலை வணக்கம். யாழினி சென்னையிலிருந்து அனுப்பிய மூன்று மேட் (பளபளப்பில்லாத) லிப்ஸ்டிக்குகளில் முதலாவதை வியாழக்கிழமை முழுதும் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்று இரண்டாவதைச் சரியாக 6:00 மணிக்குப் போட்டிருக்கிறேன். கடையில் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, காய்ந்ததும் விரலால் தேய்த்து, போகவில்லை என்று வாங்கி வந்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. புறங்கை பேசுவதுமில்லை, நெய்ச்சோறு உண்பதுமில்லை. ஆகவே திருமணத்தன்று நம் பெண்ணின் உதடு என்னென்ன படுமோ அவ்வளவையும் இன்று என் உதடு படட்டும் என்று வைத்திருக்கிறேன். முகூர்த்தம் 7:30 முதல் 9:00 வரை. அலங்காரத்தில் உதடு கடைசியாக வரும் என்பதால் 6:00 மணிக்குப் போட்டால், மணமக்கள் பந்தியில் உட்கார எப்படியும் 12:30 ஆகிவிடும். ஆறரை மணி நேரம், அதன் பிறகு ஒரு சாப்பாடு. நமக்கு வேண்டிய கணக்கு இதுதான்.

யாழினி, காலை 6:58
சித்தி, முதலாவதன் அட்டைப்பெட்டியில் 16 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, அப்படியானால் அதுவே போதாதா?

மல்லிகா சித்தி, காலை 7:24
பெட்டியில் உள்ள மணிக்கணக்கு நிறத்தைப் பற்றியது, அம்மா. உதடு அதைத் தாங்கிக்கொண்டிருக்குமா என்பதைப் பற்றியதன்று. அதைப் பந்திக்குப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இப்போது டபராவில் ஆற்றிக் காபி குடித்து முடித்தேன். டம்ளரை அண்ணாந்து குடிக்காமல், வேண்டுமென்றே விளிம்பில் உதடு படும்படி குடித்து, விளிம்பை வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தேன். கைக்குட்டையில் காபிக் கறை இருக்கிறதே தவிர, சிவப்பு ஒரு துளிகூட இல்லை.

தேவகி அத்தை, காலை 8:05
மல்லிகா, காபிக்கு அது அசையாமல் இருந்ததில் வியப்பில்லை. பெரும்பாலான திரவ மேட் வகைகளில் ஐசோடோடெகேன் என்ற, விரைவில் ஆவியாகிவிடும் கரைப்பான் இருக்கும். போட்ட ஓரிரு நிமிடத்தில் அது பறந்துவிட, டிரைமெத்தில்சிலாக்சிசிலிகேட் என்ற சிலிக்கோன் பிசின் நிறமியைத் தன்னோடு இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாக உதட்டில் படிந்துவிடுகிறது. இந்தப் பிசின் தண்ணீருக்கு இளகாது, எண்ணெய்க்கும் நெய்க்கும் இளகிவிடும். எனவே உண்மையான சோதனை பந்தியில்தான் இருக்கிறது. பள்ளியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழியாத உதட்டுச்சாயத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஹேசல் பிஷப் என்ற அமெரிக்க வேதியியலாளர். தம் வீட்டுச் சமையலறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடையது உதட்டுத் தோலிலேயே சாயம் ஏற்றும் முறை. இப்போதுள்ளவை பெரும்பாலும் தோலின் மேல் ஒட்டிக்கொள்ளும் படலம்.

அப்பாயி (செந்தில் எழுதித் தருகிறான்), காலை 8:31
தேவகி சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையில் சுண்ணாம்பை அளவாகத் தடவி, பாக்குடன் மென்றால் உதட்டில் ஏறுகிற சிவப்பு இருக்கிறதே, அது சாப்பிட்டாலும் போகாது, வாய் கொப்பளித்தாலும் போகாது, தானாக மங்கினால்தான் உண்டு. உரிந்து வருவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் பூசுவது சுவரில் அடிக்கும் வண்ணம் போல் மேலே நிற்கிறது. அது இருக்கட்டும், இவற்றில் பூச்சியை அரைத்துச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பேத்தி மணையில் உட்காரும்போது அப்படி ஒன்றைப் பூச வேண்டாம்.

மல்லிகா சித்தி, காலை 8:52
அத்தை, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. கார்மைன் என்ற சிவப்பு நிறமியைக் கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்துதான் எடுக்கிறார்கள், பொருட்பட்டியலில் சி.ஐ. 75470 என்று எண்ணாகப் போட்டிருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மூன்று பெட்டிகளையும் படித்தேன். மூன்றாவதில் அந்த எண் இருக்கிறது. முதல் இரண்டிலும் இல்லை. மூன்றாவதை இனித் திறக்கப்போவதில்லை, யாழினி அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பெரியம்மா, காலை 9:10
மயிலாடுதுறையில் கோயில் திருவிழாக் கடையில் இதே நிறத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே, அவற்றில் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கக்கூடாதா?

மல்லிகா சித்தி, காலை 9:14
வேண்டாம் அக்கா. உற்பத்தி உரிம எண், தொகுதி எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, இவை அச்சிடப்படாத எதையும் நான் பெண்களின் உதட்டில் வைக்க மாட்டேன்.

கோமதி அண்ணி, காலை 10:02
சித்தி, நான் நாகஸ்வரம் வாசிக்கிறவள் என்பதால் எனக்கும் இதில் ஒரு தேவை இருக்கிறது, தவறாக எண்ண வேண்டாம். மேடையில் பளிச்சென்று இருக்கட்டும் என்று சாதாரண லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வாசித்தால், அதிலுள்ள மெழுகும் எண்ணெயும், வாயில் வைத்து ஊதும் சீவாளியில் ஏறிவிடுகின்றன. திருவாவடுதுறையில் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, நூல் கட்டி, நாள்கணக்கில் உழைத்துச் செய்து தருகிற சீவாளி அது. எச்சிலில் நனைந்து, உதட்டின் அழுத்தத்தில் மெல்லத் திறந்து மூடினால்தான் நாதம் சுத்தமாக வரும். அதன் வாயில் மெழுகு படிந்தால் ஒலி அடைத்துக்கொண்டு வருகிறது. சென்ற மாதம் ஒரு மேட் லிப்ஸ்டிக்கைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். முதல் அரை மணி நேரம் சீவாளி வெளுப்பாகவே இருந்தது. ஆனால் ஆலாபனை நீண்டதும், கீழுதட்டின் நடுவில், சீவாளி அழுந்தும் அந்த அரை அங்குல இடத்தில் மட்டும் படலம் வெடித்து, கசகசா அளவில் துகள்கள் வந்து நாக்கில் தட்டுப்பட்டன. அன்றிலிருந்து உதட்டின் நடுவை வெறுமையாக விட்டு, ஓரங்களுக்கு மட்டும் பூசிக்கொள்கிறேன். யாழினியின் முகூர்த்தத்துக்கு நானே வாசிப்பதால், நீங்கள் தேர்ந்தெடுப்பதையே நானும் எடுத்துக்கொள்ளலாமா?

மல்லிகா சித்தி, காலை 10:20
கோமதி, நீ சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. வியாழக்கிழமை முதலாவதைப் போட்டிருந்தபோது எனக்கும் அதே இடத்தில்தான் முதலில் வெடித்தது. நான் அதிகம் பேசியதால் என்று நினைத்திருந்தேன். இன்று அந்த இடத்தைக் கண்ணாடியில் தனியாகக் கவனிக்கிறேன். நடுவை வெறுமையாக விடும் உன் முறையை எந்த லிப்ஸ்டிக்குக்காகவும் கைவிடாதே, சீவாளிதான் முக்கியம்.
இதற்கிடையே, ஓமப் புகைக்குப் பதிலாகக் கொல்லைப்புறத்து விறகடுப்பின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து வெந்நீர் போட்டேன். கண் கரித்தது, உதடும் சற்று உலர்ந்தது. நாக்கால் தடவிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதை அடக்கிக்கொண்டேன். யாழினி, இதை நீயும் பழகிக்கொள்ள வேண்டும், எச்சில் பட்டு உலரும்போது உதடு முன்பைவிட அதிகமாகக் காய்ந்துவிடும்.

தேவகி அத்தை, காலை 10:41
உதட்டுத் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை, மற்ற இடங்களில் இருப்பதைப் போன்ற எண்ணெய்ச் சுரப்புக் காப்பும் இல்லை, மேலடுக்கும் மிக மெல்லியது. தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்ள அதற்கு வழி குறைவு. மேட் வகையில் பளபளப்பு வரக்கூடாது என்று எண்ணெயையும் குறைத்துவிடுவதால், வறட்சி அங்கே உடனே தெரிகிறது.

மல்லிகா சித்தி, காலை 11:15
பாலும் பழமும் ஆயிற்று. வெதுவெதுப்பான பாலில் பிசைந்த பூவன் பழத்தைக் கரண்டியால் மூன்று வாய் உண்டேன். கரண்டியின் அடியில் மெல்லிய இளஞ்சிவப்புத் தீற்றல் ஒன்று தெரிந்தது. பாலின் கொழுப்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். உதட்டில் பார்த்தால் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

மல்லிகா சித்தி, பிற்பகல் 1:25
சாப்பாடு முடிந்தது. கல்யாணச் சாப்பாட்டைப் போலவே பருப்புக்கு உருக்கிய நெய், சாம்பார், உளுந்துவடை, அப்பளம், பாயசம் என்று இலை போட்டு உண்டேன். இரண்டாவது லிப்ஸ்டிக் நெய்க்குத் தோற்றுவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உதடுகள் ஒன்றையொன்று தொடும் உட்புற ஓரத்தில், ஏறத்தாழ ஒரு நெல்மணியின் அகலத்துக்கு நிறம் போய், வெளி ஓரத்தில் மட்டும் வளையம் போல நிற்கிறது. ஆனால் சாப்பிட உட்காரும் வரை, ஆறரை மணி நேரம், எங்கும் வெடிக்கவில்லை. கோமதி சொன்ன நடுப்பகுதியிலும் துகள் எழவில்லை. நெய் பட்டபோதுகூட உரியாமல் இளகித்தான் போயிற்று.

யாழினி, பிற்பகல் 1:33
அப்படியானால் முதலாவதே மேல் என்று ஆகிறதே சித்தி? வியாழக்கிழமை சாப்பிட்ட பிறகும் அது நன்றாக நின்றது என்று சொன்னீர்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பதையும் படம் எடுப்பார்கள். எனக்கு அந்தக் கவலைதான்.

மல்லிகா சித்தி, பிற்பகல் 2:10
உன் கவலை நியாயமானது, அதனால் முழுவதையும் சொல்கிறேன். வியாழக்கிழமை முதலாவதை இதே நேரத்தில் போட்டேன். எட்டு மணிக்குள்ளேயே, மாவு காய்ந்த கையை மடக்கும்போது இழுப்பது போல, உதடு இழுக்கத் தொடங்கிற்று. முதலில் கீழுதட்டின் நடுவிலும், பத்து மணிக்குக் கடைவாய் இரண்டிலும் படலம் வெடித்து, பல் தெரியச் சிரித்தால் எரிந்தது. பிறகு சிரிக்காமலே இருந்துவிட்டேன். சாப்பாட்டில் சாம்பாரின் காரமும் உப்பும் அந்த வெடிப்பில் பட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. நிறம் மட்டும் மாலை வரை அப்படியே இருந்தது. தாலி ஏறும் நேரத்திலும், அதன் பிறகு ஊரே வந்து கையைப் பிடித்து வாழ்த்தும் நேரத்திலும், நீ வாயை இறுக்கிக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. இரண்டாவதில் போவது ஒரு நெல்மணி அகலம்தான். பந்தி முடிந்து நீ கை கழுவி வந்ததும், உதட்டில் உள்ள நெய்யை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, அந்த உள் ஓரத்தில் மட்டும் மெல்லியதாக ஒரு தடவை பூசிவிட எனக்கு இரண்டு நிமிடம் போதும். நெய் இருக்கும்போதே அதன்மேல் பூசினால்தான் திட்டுத் திட்டாக நிற்கும்.

பெரியம்மா, பிற்பகல் 2:26
மல்லிகா சொல்வதைக் கேள், யாழினி. உன் அக்காவின் திருமணத்தன்று அலங்காரத்துக்கு வந்தவர்கள் எதையும் முன்கூட்டிப் பூசிப் பாராமல் புதிய லிப்ஸ்டிக்கைப் போட்டு, மாலை வரவேற்புக்குள் மேலுதடு தடித்து, அரிப்பு தாங்காமல் பிள்ளை தவித்துப்போனாள். அந்தப் படங்களை இன்றும் அவள் எடுத்துப் பார்ப்பதில்லை.

மல்லிகா சித்தி, பிற்பகல் 2:40
அதற்காகத்தான் யாழினி நீயும் உன் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் இதைச் சிறிது பூசி, இரண்டு நாள் சிவக்கிறதா, அரிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறேன். எனக்கு ஒத்துக்கொண்டது உனக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மல்லிகா சித்தி, இரவு 8:55
இப்போது கலைத்துவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்க்கவில்லை. பஞ்சில் நல்லெண்ணெய் நனைத்து உதட்டின்மேல் அரை நிமிடம் வைத்திருந்துவிட்டு ஒரே திசையில் துடைத்தேன், வழித்துக்கொண்டு வந்துவிட்டது. கீழே உதடு காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் உலர்ந்திருக்கிறது, ஆனால் தோல் உரியவில்லை, எரிச்சலும் இல்லை. வியாழக்கிழமை இரவு வெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தும், மறுநாள் மாலை வரை எரிச்சல் இருந்தது. திருமணத்துக்கு முந்தைய ஒரு வாரமும் நீ இரவில் வெண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஆனால் அன்று விடியற்காலையில் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் என் முன்னால் வந்து உட்கார வேண்டும், இல்லையென்றால் இது ஒட்டாது.

யாழினி, இரவு 9:08
சரி சித்தி, இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். கையில் இப்போதே பூசிவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு உழவன் விரைவு வண்டியில் புறப்பட்டு வருகிறேன். சனிக்கிழமை முழுதும் நானே போட்டுக்கொண்டு, காபியிலிருந்து பந்தி வரை நீங்கள் செய்தது அத்தனையும் உங்கள் எதிரிலேயே செய்து பார்க்கிறேன். கோமதி அண்ணிக்கும் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வருகிறேன்.

அப்பாயி (செந்தில் எழுதித் தருகிறான்), இரவு 9:20
சனிக்கிழமை பாலும் பழமும் என் கையால்தான் கொடுப்பேன், மல்லிகா கரண்டியை எடுத்து வைத்துவிடட்டும். செந்திலிடம் நாளைக்கே ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் பழுத்துவிடும்.