தண்ணீருக்கடியில் வீடியோ ஆடாமல் எடுப்பது எப்படி?

மெரினாமுத்து (கேள்வி):
போன மாதம் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் செய்தேன். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழ் வைத்திருக்கிறேன். கோப்ரோ கேமராவை நீளமான குச்சியில் மாட்டி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு எடுத்த வீடியோவை வீட்டு டிவியில் போட்டால், அம்மா தலைசுற்றுகிறது என்று எழுந்து போய்விட்டார். படம் மேலும் கீழும் ஆடுகிறது, பக்கவாட்டிலும் ஆடுகிறது. நடுக்கத்தைக் குறைக்கும் வசதியை முழு அளவில்தான் வைத்திருந்தேன். ஜனவரியில் மறுபடியும் போகிறேன். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் கருவி வாங்கலாமா?

கடற்காகம்:
குச்சியை விட்டுவிட்டு கேமராவை நடுவில் பொருத்த, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள தட்டு ஒன்று வாங்குங்கள். பெரிய செலவில்லை.

ஈயக்குண்டு:
தட்டு நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது வேலை. நான் ஹேவ்லாக்கில் பயிற்சியாளன். இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூழ்குவதற்காக இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டியிருந்தீர்கள்?

மேலும் கீழும் ஆடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எடை கூடினால் அதை ஈடுகட்ட, மிதப்பதற்காக அணியும் காற்று ஜாக்கெட்டில் நிறையக் காற்று விடுவீர்கள். ஆழம் சற்று மாறினாலும் அந்தக் காற்று சுருங்கும், விரியும். நீங்களும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஓயாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். முதல் டைவ் முடிகிற நேரத்தில், சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் ஜாக்கெட்டைக் காலி செய்துவிட்டு அசையாமல் இருந்து பாருங்கள். கீழே இறங்கினால் அடுத்த டைவுக்கு ஒரு கிலோ குறையுங்கள். முடிவில் பார்க்கச் சொல்வது ஏனென்றால், நிரம்பிய அலுமினிய சிலிண்டரில் உள்ள காற்றே ஏறக்குறைய இரண்டரை கிலோ. அது தீர்ந்ததும் சிலிண்டர் மிதக்கப் பார்க்கும்.

பக்கவாட்டு ஆட்டம் கால்களால் வருவது. கால்களை மாற்றி மாற்றி அடித்தால் இடுப்பு புரளும், கூடவே தோளும் கேமராவும் புரளும். தவளை போல இரு கால்களையும் சேர்த்து ஒரு உதை உதைத்துவிட்டு வழுக்கிச் செல்லுங்கள். வழுக்கும் நேரத்தில் மட்டும் படம் எடுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. பிடித்த மூச்சோடு ஓரிரு மீட்டர் மேலே போனாலே நுரையீரல் கிழியக்கூடும். சீராக இழுத்து நீளமாக விடுங்கள், விடும்போது கிடைக்கும் ஐந்தாறு வினாடி போதும்.

பழகுவதற்கு இங்கே லைட்ஹவுஸ் என்ற டைவிங் இடத்தின் பக்கம் கோமாளி மீனைத் தேடுங்கள். கடற்சாமந்தியை விட்டு அது எங்கும் போகாது. மற்ற மீன்களைத் துரத்த வேண்டாம், படத்துக்குள் வந்து தானாக வெளியேறட்டும். நிலைத்து நிற்கப் பவளத்தைப் பிடிப்பவர்களும் உண்டு. என் குழுவில் யாராவது பிடித்தால் கேமராவை வாங்கி வைத்துவிடுவேன்.

இரவுப்பணி:
நடுக்கம் குறைக்கும் வசதியைப் பற்றி நான் சொல்கிறேன். கேமராவுக்குள் இருக்கும் உணரி அசைவைக் கணக்கிட்டுப் படத்தை நேராக்குகிறது. ஆனால் ஆழத்தில் வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். அப்போது ஒவ்வொரு சட்டகத்திலும் பதிந்துவிட்ட மங்கலை எந்தக் கணக்கும் அழிக்காது. நேரான படத்துக்குள் மங்கல் துடிப்பது இன்னும் எரிச்சலூட்டும். கணினியில் பின்னர் சரிசெய்யும் மென்பொருள் படத்தில் உள்ள புள்ளிகளைப் பின்தொடர்வது. மீன்கூட்டம் குறுக்கே போனால் அது குழம்பிவிடும்.

தட்டைக் கண்ணாடி வழியாக எடுத்தால் தண்ணீரில் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கை நடுக்கமும் அதே அளவு பெருகும். ஆகவே அகலக் கோணத்தை வைத்துக்கொண்டு அருகே போங்கள், ஜூம் வேண்டாம்.

மெரினாமுத்து:
எடை 8 கிலோ. மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் உடைதான். இன்னொரு சந்தேகம்: ஆழம் குறைந்த இடத்தில் அலை முன்னும் பின்னும் இழுத்ததே, அதற்கு என்ன செய்வது?

ஈயக்குண்டு:
மூன்று மில்லிமீட்டர் மெல்லிய உடைக்கு எட்டா! மிக அதிகம். யார் கட்டிவிட்டது என்று கேட்கமாட்டேன்.

அலையோடு மல்லுக்கட்டாதீர்கள். அது இழுக்கும்போது மீனும் நீங்களும் சேர்ந்தே போகிறீர்கள், அதனால் மீன் படத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும், பின்னால் பாறைதான் நகரும். பார்க்க அழகாகவே இருக்கும். பாறையைத்தான் எடுக்க வேண்டுமென்றால் இன்னும் சில மீட்டர் இறங்குங்கள், கீழே போகப்போக இழுப்பு தளரும். ஜனவரியில் முதல் நாள் கேமராவை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், எடையைச் சரிபார்த்துவிடலாம்.