புதுப்பிப்பு: பழைய டாடா 1613-இல் இருப்பது எந்த எஞ்சின்?

எங்கள் 1613 லாரியில் இருப்பது டாடா 697-ஆ, கம்மின்ஸா என்று கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது: கம்மின்ஸ் 6பிடி. ராக்கர் கவரை (எஞ்சின் மேலே வால்வுப் பகுதியை மூடும் மூடி) எண்ணிப் பார்க்கச் சொன்னவருக்குப் பெரிய நன்றி, சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தனித்தனிக் கவர் வரிசையாக இருந்ததுமே பாதிச் சந்தேகம் போய்விட்டது. அப்புறம் முன்பக்கம் கியர் ஹவுசிங்கின் பக்கவாட்டில் அப்பியிருந்த எண்ணெய் அழுக்கை டீசல் போட்டுத் துடைத்தால், பெயர்த்தகடு வரிசை எண்ணோடு தெளிவாக இருக்கிறது. ரெண்டுமே ஆறு சிலிண்டர்தான், ஆனால் 697-க்கு போர் (bore, சிலிண்டரின் உள்விட்டம்) 97 மி.மீ., 5675 சிசி. கம்மின்ஸுக்கு 102 மி.மீ., 5883 சிசி, அதனால் ஒன்றின் பிஸ்டன் ரிங்கை மற்றதற்கு வாங்கினால் பொருந்தவே பொருந்தாது. பழைய வண்டியில் எஞ்சின் மாறியிருக்கலாம், ஆர்.சி.யை மட்டும் நம்பாதீர்கள். கேஸ்கட் செட்டுக்கு (எஞ்சின் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் அடைப்புகள்) தகட்டிலுள்ள அந்த வரிசை எண்ணைக் கொடுத்தே ஆர்டர் போட்டிருக்கிறேன்.