கேமரன் அம்மாவின் மங்கல் முகங்கள் மாதிரி லயத்தில் எடுக்க முடியுமா?

ஹட்டன் படக்காரன்:
லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் மூன்று வருடம் மூடிக்கிடந்து 2023 ஜூனில் திறந்தது இல்லையா? அடுத்த வருடம் அங்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த படங்களை வைத்திருந்தார்கள். லண்டனில் இருக்கும் மச்சான் அந்தக் கண்காட்சிப் புத்தகத்தை அனுப்பினான். 1879-ல் இலங்கை மலையகத்து டிக்கோயாவில் இறந்து, நம்ம பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் கோயிலில் அடங்கியிருக்கிற அதே அம்மாதான்.

முகமெல்லாம் மங்கல், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. என் பிழைப்பு அடையாள அட்டைப் படமும் கல்யாண ஆல்பமும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து பென்ஷன் வாங்கிய பாட்டிகளை, அவர்கள் குடியிருக்கும் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அப்படி எடுக்க ஆசை. கணினியில் மங்கலாக்கிப் பார்த்தேன், சோப்பு விளம்பரம் மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

கண்டி ராஜா:
தம்பி, அது கணினியில் வராது. அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகட்டுக்கு (ஃபிலிமுக்குப் பதில் ரசாயனம் பூசிய கண்ணாடி) வெளிச்சம் நிறைய வேண்டும். கேமரன் ஆளை நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வைப்பார். மூச்சு விட்டாலே முகம் லேசாகக் கரையும். ஃபோகஸையும் கூர்மையாகும்வரை திருகமாட்டார், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

நீங்கள் ட்ரைபாட் போட்டு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 100-ல் வைத்து, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்து வையுங்கள். பாட்டியை மூச்சடக்கச் சொல்லாதீர்கள். அந்தத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். அதனால் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீல சேனலை (படத்தில் நீல நிறம் பதிவான பகுதி) மட்டும் எடுங்கள், சுருக்கமெல்லாம் ஆழமாக விழும். வெளிச்சம் ஒரு பக்கம்தான் வரவேண்டும். இங்கிலாந்தில் அவருக்கு ஸ்டூடியோவே கோழிக்கூடுதான்! உங்களுக்கு லயக் காம்பராவின் (லய வீட்டு அறை) முன்கதவு போதும், பின்கதவைச் சாத்திவிடுங்கள். பனிமூட்ட நாள் என்றால் இன்னும் நல்லது.

தேயிலைக்காரி:
எல்லாம் சரி அண்ணே, பேரை எழுதி வைங்க. விஞ்ஞானி டார்வின், கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல் என்று அவர் எடுத்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் பேர் இருக்கு. இலங்கையில் எடுத்த கூலிக்காரர்களில் பெரும்பாலானவர் யாரென்றே தெரியாது. எனக்கு அதுதான் ஆத்திரம். படத்துக்குப் பின்னால் பேர், தோட்டம், டிவிஷன் (தோட்டப் பிரிவு) மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை அவங்க கையிலேயே கொடுங்க. சுருக்கம் ஆழமாக விழும் என்பதையும் முதலிலேயே சொல்லிடுங்க. எங்க அம்மாயியா இருந்தா பவுடர் பூசாம உட்காரவே மாட்டா.

ஹட்டன் படக்காரன்:
பவுடர் விஷயம் இங்கேயும் அதேதான், ஒருத்தி கல்யாணச் சேலையை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். பின்கதவு சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் வருகிறது. கொழுந்துச் சாக்கு தொங்கவிட்டால் போதுமா, கறுப்புத் துணிதான் வேண்டுமா?