பிளேஸ்மென்ட் டெஸ்ட் இலக்கணக் கேள்விகள்: தமிழை வச்சே விடை கண்டுபிடிக்கலாம்

ஹெச்4-ல (ஹெச்1பி வேலை விசாவுல இருக்கிறவரோட குடும்பத்துக்கான விசா) அமெரிக்கா வந்து, படிப்பைத் தொடரலாம்னு கம்யூனிட்டி காலேஜுக்குப் போறவங்க பல பேர் முதல்ல தடுக்கி நிக்கிறது பிளேஸ்மென்ட் டெஸ்ட்லதான், அதாவது நம்மளை எந்த வகுப்புல போடணும்னு பார்க்க காலேஜ் வைக்கிற டெஸ்ட்ல. நானும் நின்னேன். சென்னையில பி.காம் முடிச்சு நாலு வருஷம் இங்கிலீஷ்லயே மெயில் எழுதி வேலை பார்த்தவளை, நியூஜெர்சியில ஈஎஸ்எல் (இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கான இங்கிலீஷ்) வகுப்புல போட்டாங்க. டிகிரிக் கணக்குல சேராத வகுப்பு. ஃபீஸ் மட்டும் முழுசா கட்டணும். எனக்குப் பேச வராம இல்ல, டென்ஸும் மாடிஃபையரும் (இன்னொரு சொல்லை விவரிக்கிற சொல் இல்லேன்னா தொடர்) வர்ற கேள்விகள்லதான் வரிசையா தப்புப் போட்டிருந்தேன். உங்களுக்கு அந்த ஒரு செமஸ்டர் மிச்சமாகணும்னுதான் இதை எழுதறேன்.

பல காலேஜ்ல வைக்கிறது காலேஜ் போர்டுங்கிற அமைப்பு நடத்துற ஆக்குப்ளேசர்ங்கிற டெஸ்ட். ரைட்டிங் பகுதியில 25 கேள்வி. நேரக் கெடு கிடையாது, அதனால பதறவே வேண்டாம். ஆனா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி அடுத்ததுக்குப் போயிட்டா திரும்பி வந்து மாத்த முடியாது. நீங்க சொல்ற பதிலைப் பொறுத்துத்தான் அடுத்தது லேசா வருமா கடினமா வருமான்னு முடிவாகும். சில காலேஜ்ல உங்க பழைய மார்க் ஷீட்டைப் பார்த்து டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அதை முதல்ல கேட்டுக்கோங்க.

டென்ஸ்ல நம்ம ஆளுங்க அதிகம் தவற விடுறது இது. "மூணு வருஷமா இங்க இருக்கேன்"னு தமிழ்ல நிகழ்காலத்துல சொல்றோம். அதையே வச்சு "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்"னு விடையைத் தட்டிடறோம். வரவேண்டியது "ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". இதுல சின்ஸா ஃபாரான்னு குழம்பவே தேவையில்லை. தமிழ்ல "மூணு வருஷமா"ன்னு கால அளவு வந்தா ஃபார்; "2019-லேருந்து"ன்னு தொடங்கின புள்ளி வந்தா சின்ஸ். அந்த வேலை இப்பவும் நடந்துட்டு இருந்தா ஹேவ் அல்லது ஹேஸ் கூட வரும். "யெஸ்டர்டே", "இன் 2015" மாதிரி முடிஞ்சுபோன நேரம் வாக்கியத்துல இருந்தா ஹேவ் இருக்கிற விடையை உடனே தள்ளிடலாம்.

"நான் போறதுக்குள்ள பஸ் போயிடுச்சு." ரெண்டுமே நடந்து முடிஞ்சது, அதுல எது முந்தினதோ அதுக்கு ஹேட்: "பை த டைம் ஐ ரீச்டு த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்." அப்புறம் "அவர் வந்ததும் சொல்றேன்". எதிர்காலம்தானேன்னு "வென் ஹி வில் கம்"னு எடுத்துடாதீங்க. தமிழ்லயும் அந்த இடத்துல "வருவார்" வராதே! இங்கிலீஷ்ல அங்க "கம்ஸ்" மட்டும்தான். வில் அடுத்த பாதியில வரும்.

மாடிஃபையர்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாம இருந்தது. "வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், த ரெயின் ஸோக்டு மீ." இதுல என்ன தப்புன்னே எனக்குத் தெரியல. ஏன்னா மனசுக்குள்ள அதை "நடந்து போறப்போ மழை என்னை நனைச்சிடுச்சு"ன்னு மாத்திக்கிட்டேன். "போறப்போ" போட்டா ரெண்டு பக்கமும் வேற வேற ஆள் இருக்கலாம், தமிழ் ஏத்துக்கும். அப்படி மாத்தாதீங்க. வாக்கியம் "வாக்கிங்" மாதிரி இங் (-ing) சொல்லோட ஆரம்பிச்சா "நடந்து", "திறந்து", "முடிச்சு"ன்னு செய்து வாய்பாட்டு வினையெச்சமா மாத்துங்க: "பஸ் ஸ்டாப்புக்கு நடந்து, மழை என்னை நனைச்சது." யார் நடந்தது, மழையா? தப்பு அங்கேயே தெரிஞ்சிடும். செய்து என்கிற எச்சம் தன் வினைமுதலோட (அந்த வேலையைச் செஞ்சவரோட) வினையையே கொண்டு முடியணும்னு தொல்காப்பியம் வினையியல்ல சொல்லியிருக்கு. இங்கிலீஷ் டெஸ்ட் கேக்கிறதும் அதேதான்: கமாவுக்கு அடுத்து வர்ற ஆள்தான் அந்த இங் வேலையைச் செஞ்சவரா இருக்கணும். "வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், ஐ காட் ஸோக்டு" சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: "மழை பெய்து குளம் நிறைஞ்சது" மாதிரி காரண காரியமா வந்தா தமிழ் விட்டுக்கொடுக்கும், டெஸ்ட் விடாது.

வாக்கியம் இங் இல்லாம "ரிட்டன் இன் தமிழ்"னு ஆரம்பிச்சா "எழுதப்பட்ட" மாதிரி பெயரெச்சமா மாத்தி, கமாவுக்குப் பின்னாடி இருக்கிற பெயரை ஒட்டிப் பாருங்க. "ரிட்டன் இன் தமிழ், ஐ குட் ரீட் த லெட்டர்." தமிழில் எழுதப்பட்ட நான்? இல்லையே, எழுதப்பட்டது கடிதம். அப்போ "த லெட்டர்" கமாவுக்கு அடுத்து நிக்கிற விடையைத் தேடுங்க.

நல்லாங்கிறதுக்கு குட்டா வெல்லா, குவிக்கா குவிக்லியான்னு ஒரு வகை வரும். "வேகமான வண்டி"ன்னு ஆன வந்தா குவிக், "வேகமா ஓடினான்"னு ஆக வந்தா குவிக்லி. இது முக்கால்வாசி இடத்துல கைகொடுக்கும். ஆனா "அழகா இருக்கா", "ருசியா இருக்கு"ன்னு "இரு"ங்கிற வினை சேர்ந்து வந்தா கணக்கு மாறும். அங்க ஆக இருந்தாலும் இங்கிலீஷ்ல "ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்"தான், பியூட்டிஃபுல்லி இல்ல. நான் இதுல ரெண்டு கேள்வி விட்டேன்.

ஒன்லி பத்தியும் சொல்லிடறேன். நம்ம "மட்டும்" சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும்: "சனிக்கிழமை மட்டும்", "நான் மட்டும்". ஒன்லி அந்தச் சொல்லுக்கு முன்னாடி நிக்கணும்: "ஒன்லி ஆன் சாட்டர்டேஸ்", "ஒன்லி ஐ". எதை "மட்டும்"னு சொல்றீங்கன்னு முதல்ல தமிழ்ல முடிவு பண்ணிட்டு விடையைப் பாருங்க.

பின்குறிப்பு: ரைட்டிங் பகுதியில தனி வாக்கியம் வராதே, பத்தியாத்தானே வருதுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. ஆமாம்மா. அதனால கோடு போட்ட வாக்கியத்தை மட்டும் படிக்காதீங்க. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள வாக்கியங்கள்ல வினை எந்தக் காலத்துல இருக்குன்னு பாருங்க. எல்லாம் இறந்தகாலத்துல ஓடி, நடுவுல காரணமில்லாம ஒண்ணு நிகழ்காலத்துக்குத் தாவியிருந்தா கேள்வி அதைப் பத்தினதுதான். காலேஜ் போர்டு தளத்துல இலவசப் பயிற்சிக் கேள்விகள் இருக்கு. பத்து நாள் தினம் அரை மணி நேரம் போடுங்க, தப்புப் போன வாக்கியத்தை ஒரு நோட்டுல எழுதி பக்கத்துலயே தமிழ்லயும் எழுதுங்க. ரெண்டாம் தடவை போறப்போ என் கையில இருந்தது அந்த நோட்டு மட்டும்தான். நேரா காலேஜ் இங்கிலீஷ் வகுப்புல உட்கார்ந்தேன்.