பாரா புத்தகத்தில் எழுதாத வரி

வாட்ஸ்அப் குழு: வடக்குத் தெரு சொந்தங்கள்

[இரவு 7:48] மேரி அத்தை: டேனியல் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகித் திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளிக்குப் புறப்படுகிறான், காலையிலிருந்து எல்லாரும் வாழ்த்தியிருக்கிறீர்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நேற்று அவனிடம் நான் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். உன்னோடு வேலை பார்க்கிறவர் உன் கண் முன்னால் ஒருவரைப் போட்டு அடித்தால், அதை நீ வெளியே சொல்வாயா என்றுதான் கேட்டேன். சாத்தான்குளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்காமல் அவனை எப்படி அனுப்புவது?

[7:55] டேனியல்: கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை அத்தை. சொல்வேன் என்று உடனே சொல்லியிருந்தால் அது உங்களுக்காகச் சொன்ன பதிலாக இருந்திருக்கும். சாத்தான்குளம் நிலையத்தில் வேலை பார்த்த ரேவதி அம்மா சொன்னார்கள் அல்லவா, அவர்களால் முடிந்தது என்னாலும் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

[8:04] ஜெனி: டேனி, ரேவதி அம்மா எப்படிச் சொன்னார் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூன் 19 அன்று மாலை, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடி மகன் பென்னிக்ஸ் போனார். ஜூன் 22 இரவு மகனும், விடிவதற்குள் தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். அதன் பிறகு மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் உத்தரவின்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் ஜூன் 28 அன்று நிலையத்துக்கே நேரில் போய் விசாரித்தபோதுதான் தலைமைக் காவலர் ரேவதி வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, உடனே கைப்பற்றாவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று அவர் சொன்னதாக நடுவரின் அறிக்கையில் இருக்கிறது. சொன்னதை எழுதிக் கொடுத்தபோது கையெழுத்துப் போட அவர் பயந்தார் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

[8:07] ஜெனி: அந்த அறையில் இருந்தவர் நடுவர். வெளியே நின்றவர்கள் ரேவதியின் சக காவலர்கள். நடுவரைப் பார்த்தே ஒரு காவலர் இழிவாகப் பேசியிருக்கிறார். அப்படியென்றால் ஒரு தலைமைக் காவலருக்கு அந்த இடத்தில் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நிலையத்துக் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததால், அந்த இரவைப் பற்றிப் பேச அங்கே மனிதர்களைத் தவிர வேறு நேரடிச் சாட்சியே கிடையாது.

[8:15] செல்வி சித்தி: நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரும்படி நீதிமன்றம் சொன்னதும், ரேவதிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. காவலருக்குக் காவலரிடமிருந்து பாதுகாப்பு என்பதைக் கேட்டபோது மனம் கனத்துப்போனது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், காவல் துறையில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். நம் வீட்டிலேயே ஸ்டீபன் அத்தான் இருக்கிறார்.

[8:31] ஸ்டீபன் பெரியப்பா: செல்வி, நான் நல்லவன் என்று நீ நினைப்பதற்கு நன்றி. ஆனால் நல்லவர், கெட்டவர் என்று இதைப் பிரித்தால் டேனியலுக்கு ஒரு பயனும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துச் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றேன். சக காவலர்மீது காவலர் புகார் கொடுப்பதில்லை என்பதற்கு மனசாட்சி இல்லாததைக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். நாளைக்கு எனக்கு வாசலில் காவல் நிற்கும் பாராவா, பந்தோபஸ்தா, நீதிமன்ற வேலையா என்று எழுதுகிற கை யாருடையதோ, அதே கைக்குத்தான் என் புகாரும் போக வேண்டும். தங்கைக்குக் கல்யாணம் என்று விடுப்புக் கேட்டாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒருமுறை பேசியவனுக்கு அடுத்த மாதம் மெமோ வரும், பிறகு ஆயுதப்படைக்கு மாற்றம் வரும், எந்த உத்தரவிலும் காரணம் இன்னதென்று எழுதியிருக்காது.

[8:34] ஸ்டீபன் பெரியப்பா: ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப்பிரிவுக் காவலர் என்று ஒருவர் உண்டு, அந்த எல்லையில் நடப்பதைக் கண்காணிப்பாளருக்கு நேரடியாகத் தெரிவிப்பது அவர் வேலை. வழி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரும் எங்களோடு உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பார், இரவு ரோந்தில் அவருக்கு ஏதாவது ஆனால் ஓடி வர வேண்டியவர்களும் நாங்கள்தான். கலவரத்தில் கல் விழும்போது என் தலையைக் காப்பாற்றியவன் மறுநாள் ஒரு கைதியை அடித்தால், அவன்மீது எழுதிக் கொடுக்க என் கை எழாது. வெளியே இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். இதை நியாயப்படுத்தவும் நான் வரவில்லை.

[8:42] ஜெனி: பெரியப்பா, நீங்கள் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே எழுதிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் நிலையத்துக்குள் ஒருவர் இறந்த வழக்கு அது. காவலில் நடக்கும் மரணத்துக்கு நேரில் பார்த்த சாட்சி கிடைப்பதே அரிது. சகோதர பாசத்தால் கட்டுண்ட காவலர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், சக ஊழியரைக் காப்பாற்ற உண்மையைத் திரிக்கவும் செய்வார்கள் என்று நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். அதற்கும் பத்து வருடம் முன்பு, 1985-இலேயே, சட்ட ஆணையம் தன் 113-ஆவது அறிக்கையில் ஒரு வழி சொன்னது: காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால், காவலில் வைத்திருந்த அதிகாரியே அதை ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. இன்றுவரை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால், எல்லாச் சுமையும் ரேவதி போன்ற ஒரே ஒருவரின் தோளில் வந்து விழுந்திருக்காது.

[8:49] மேரி அத்தை: புகார் ஆணையம் என்று ஏதோ அமைத்தார்களே, அங்கே போய்ச் சொல்லக் கூடாதா?

[8:56] ஜெனி: 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது அத்தை, மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்றது. நம் மாநிலம் 2013-இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் தலைவர்களாக வைத்தது. காவல் துறையை நடத்துகிற அரசின் கைக்கே புகாரும் போகிறது, பெரியப்பா சொன்ன அதே சிக்கல்தான் இங்கேயும் வருகிறது. முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் நடைமுறைக்கு வரவேயில்லை. பத்திரிகைக்குப் போகலாம் என்றால், காவலர் அனுமதியில்லாமல் பத்திரிகையிடம் பேசக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

[9:03] ராஜன் (பஃபலோ): இங்கே காலை நேரம், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். நான் இருக்கிற இந்த ஊரிலேயே கேரியல் ஹார்ன் என்ற பெண் காவலர் இருந்தார். 2006-இல், விலங்கு மாட்டப்பட்ட ஒருவரின் கழுத்தை சக காவலர் நெரித்தபோது குறுக்கே போய்த் தடுத்தார். 2008-இல் வேலையை விட்டு நீக்கப்பட்டவர் அவர்தான்; இருபது வருடப் பணி முடியச் சிறிது காலமே இருந்த நிலையில் ஓய்வூதியமும் போயிற்று. கழுத்தை நெரித்தவர் வேலையில் தொடர்ந்தார், பின்னாளில் இளைஞர்களைத் தாக்கிய வேறொரு வழக்கில் சிறைக்குப் போனார். 2020-இல் நகர மன்றம் கேரியல் பெயரிலேயே ஒரு சட்டம் போட்டது: சக காவலர் அத்துமீறினால் தடுப்பது ஒவ்வொரு காவலரின் கடமை. 2021-இல்தான் நீதிமன்றம் அவருக்கு ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தது. எங்கே இருந்தாலும் பேசுகிறவர்தான் முதலில் அடிபடுகிறார்.

[9:10] டேனியல்: அப்படியென்றால் என்னைப் போகாதே என்று சொல்கிறீர்களா?

[9:12] மேரி அத்தை: ஒருபோதும் இல்லை. நீ போக வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன்.

[9:38] ஸ்டீபன் பெரியப்பா: இதை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். உங்கள் பெரியம்மாவுக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம், ஒரு நிலையத்தில் இரவு பாரா எனக்கு. திருட்டுச் சந்தேகம் என்று ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். டேனியல் வயதுதான் இருக்கும். உள்ளே மூன்று பேர் போனார்கள். நான் துப்பாக்கியோடு வாசலில் நின்றேன். சத்தம் நின்றபின் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவனால் சொம்பைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் வாயில் ஊற்றினேன். விடிந்ததும் பாரா புத்தகத்தில் ‘எல்லாம் சரி’ என்று எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திட்டுப் பாரா மாற்றினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பொய் சொல் என்று யாரும் மிரட்டவும் இல்லை. எப்போதும் எழுதுவதை எழுதினேன், அவ்வளவுதான். அவன் உயிரோடு வெளியே போனான். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

[9:41] ஸ்டீபன் பெரியப்பா: அன்றைக்கு ஒரு நடுவர் வந்து என்ன பார்த்தாய் என்று நேரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருடமும் என்னையே கேட்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். யாரும் வரவில்லை, நானும் யாரிடமும் போகவில்லை. ரேவதியிடம் ஒருவர் வந்து கேட்டார். கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை, பிறகு நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார். அந்தப் பெண்ணின் முன்னால் நிற்க எனக்குத் தகுதி இல்லை.

[9:52] செல்வி சித்தி: அத்தான், உங்களை இதற்காகக் குறைவாக நினைக்க மாட்டோம். ஆனால் அந்தப் பையனை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

[9:58] ஜெனி: 2025 ஜூனில், மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கையும் சொல்ல வேண்டும். தனிப்படையில் பல காவலர்கள் இருந்தார்கள். அடித்ததை வெளியே காட்டிய வீடியோ அவர்களில் ஒருவரிடமிருந்து வரவில்லை, மறைந்திருந்து எடுத்த கோயில் ஊழியர் ஒருவரிடமிருந்து வந்தது. சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரில், எல்லா நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மடப்புரத்து வீடியோவில் இருப்பதோ நிலையத்துக்கு வெளியே நடந்த அடி.

[10:06] டேனியல்: பெரியப்பா, பாரா புத்தகத்தில் நீங்கள் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

[10:15] ஸ்டீபன் பெரியப்பா: பார்த்ததை எழுதியிருக்கலாம். இத்தனை மணிக்கு இன்னார் உள்ளே கொண்டுவரப்பட்டார், இத்தனை மணிக்கு அலறல் கேட்டது, இத்தனை மணிக்குத் தண்ணீர் கொடுத்தேன், கையைத் தூக்க முடியவில்லை என்று நான்கு வரி. யார்மீதும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. பக்கத்தைக் கிழித்தால் கிழித்தது தெரியும், எண் போட்ட புத்தகம். உன் காலத்தில் எந்தப் புத்தகம் இருக்கும் என்று தெரியாது, எதுவாக இருந்தாலும் நேரத்தோடு எழுது. உன்னிடமும் ஒரு குறிப்பு வைத்துக்கொள். நடுவர் கேட்கும் நாள் வந்தால் அது கையில் இருக்கும்.

[10:19] டேனியல்: அந்தப் பையனின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

[10:27] ஸ்டீபன் பெரியப்பா: இருக்கிறது. அவன் அப்பா பெயரும், ஊரும், தெருவும் நினைவிருக்கின்றன. இங்கே எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வீட்டுக்கு வா, உன்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறேன்.