குவெஸ்ட் 2: பையனுக்குத் தெளிவு, எனக்கு மட்டும் ரெட்டைப் பந்து

பிங்பாங்அப்பா:
பையனோட குவெஸ்ட் 2-ல (கண்ணுல மாட்டிக்கிற வி.ஆர். ஹெட்செட்) ராத்திரி அரை மணி நேரம் டேபிள் டென்னிஸ் ஆடலாம்னு பார்த்தா, பத்து நிமிஷத்துல நெத்திப்பொட்டு வலிக்குது. வர்ற பந்து ஒண்ணா ரெண்டான்னே தெரியல. ஒரு கண்ணை மூடினா ஒண்ணுதான், அதுவும் பளிச்சுன்னு. பையனைக் கேட்டா "வயசாயிடுச்சுப்பா"ங்கிறான். 52 ஆச்சு, பைஃபோகல் கண்ணாடி, ஒத்துக்கறேன். ஆனா நிஜ மேஜையில இன்னும் அவனை ஜெயிக்கிறேனே! உள்ளே லென்ஸை 1, 2, 3னு நகர்த்தலாம், இப்போ 3-ல இருக்கு. பெரிய நம்பர்தானே நல்லதுன்னு விட்டுட்டேன்.

கண்ணாடிக்கடைக்காரன்:
அண்ணே, அது பவர் இல்ல. லென்ஸ் ரெண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி: 58, 63, 68 மில்லிமீட்டர். உங்க கருமணி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு கண்ணாடி சீட்டுல 'PD'ன்னு போட்டிருக்கும், பாருங்க. இல்லேன்னா நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்கேலைப் புருவத்துல ஒட்டி வைங்க. வலது கண்ணை மூடிட்டு இடது கருமணிக்கு நேரா பூஜ்யம். தலை அசையாம இடதை மூடி வலதைத் திறந்தா, அதுக்கு நேரா வர்றதுதான் உங்க அளவு. மூணு தடவை எடுங்க, கை ஆடும். 61 வரைக்கும் 1, 66 வரைக்கும் 2, அதுக்கு மேலதான் 3.

பிங்பாங்அப்பா:
சீட்டுல 60/57னு ரெண்டு இருக்கே, தம்பி?

கண்ணாடிக்கடைக்காரன்:
60 எடுத்துக்கோங்க. 57 படிக்கிறதுக்கு, கிட்டத்துல பார்க்கிறப்போ கண்ணு உள்பக்கம் திரும்பும். ஹெட்செட் மூக்கு மேலயே உக்கார்ந்திருந்தாலும் லென்ஸ் படத்தைத் தள்ளித்தான் காட்டும். அதனால பைஃபோகல் வேணாம், தூரத்துல பார்க்கிறதுக்கான கண்ணாடி தனியா இருந்தா அதைப் போடுங்க.

பட்டைபாண்டி:
இடைவெளி சரியானாலும் மேல கீழ தப்பா உக்கார்ந்தா கலங்கும். அந்த வரிவரி லென்ஸுக்கு நடுவுல மட்டும்தான் தெளிவு. பின்பட்டையைப் பிடரி பக்கம் நல்லா இறக்கிட்டு, முன்பக்கத்தை மெதுவா ஏத்தி இறக்கிப் பாருங்க. கண்ணாடியோட போடுறதுன்னா பெட்டியில வந்த ஸ்பேசர் (கண்ணாடிக்கு இடம் விடுற சட்டம்) கண்டிப்பா வேணும், இல்லேன்னா ரெண்டும் உரசி லென்ஸ் கீறிடும்.

பிங்பாங்அப்பா:
ஸ்பேசர் பையனோட சாக்ஸ் டிராயர்ல கிடந்தது! லென்ஸையே ரெண்டு விரலால உள்ளே தள்ளினேன், டக்டக்குன்னு 1-க்கு வந்துச்சு. பந்து இப்போ ஒண்ணுதான். நேத்து 40 நிமிஷம் ஆடினேன், வலி இல்ல. பையனையும் அளந்தேன், 67. திருப்பி 3-ல வைக்க மறந்துட்டேன் போல. காலையில எழுந்து அவன் தலைவலிங்கிறான்.